வளையம் போட்ட நீர்க்காகம்

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அந்தப் பெண் முதன்முதலில் வந்தது நோயாளியாகத்தான். புருவத்துக்கு மேல் வெட்டுக்காயம், சட்டையெல்லாம் ரத்தம். எஸ்டேட் லாரி ஓட்டும் என் கணவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“என்ன ஆச்சு கண்ணு?” என்று கேட்டேன்.

“கொக்கு கொத்திடுச்சு சிஸ்டர். தப்பு என்னோடதுதான். கூட்டுக்கு ரொம்பக் கிட்டப் போயிட்டேன்.”

தையல் போடும்போது அவள் முகம் சுளிக்கவில்லை. எங்கள் குளத்தின் நடுவில் இருக்கும் திட்டில் பாதியில் விட்டுவந்த வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மூங்கிலும் ஒரு நாவல் மரமும் நிற்கும் சின்னத் திட்டு அது. ஐப்பசி பிறந்தால் கொக்குகளும் நீர்க்காகங்களும் அங்கே கூடு கட்டும். குஞ்சுகளின் காலில் வளையம் போட்டு, அவை பிறகு எங்கே போகின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கூட வந்த உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். கட்டுப் போட்டு முடித்ததும் என் கையைப் பார்த்தாள்.

“குஞ்சு பிடிக்க இந்த மாதிரிக் கைதான் வேணும். வர்றீங்களா சிஸ்டர்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். என் கணவர் காவிரிக் கரையில் பிறந்தவர், பரிசல் ஓட்டத் தெரியும். “காக்காய்க்குக் கொலுசு மாட்டறதுக்கு நர்ஸம்மா வேற வேணுமாக்கும்” என்று சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டார்.

திட்டில் மீன் நாற்றம் தாங்க முடியவில்லை. என் கையில் முதல் நீர்க்காகக் குஞ்சு வந்ததும் நாற்றம் மறந்துபோனது. கறுத்த தோல், தலையில் மட்டும் சிவப்பு, உள்ளங்கையில் படபடவென்று அடிக்கும் நெஞ்சு. எத்தனையோ பிள்ளைகளைப் பிறந்த நிமிடமே ஏந்திய கைதான். ஆனாலும் இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. ஒரு காலில் எண் பொறித்த உலோக வளையம், இன்னொரு காலில் எங்கள் திட்டுக்கென்று மஞ்சள் வளையம். நீர்க்காகச் சாதியில் பல கடற்பாறைத் தீவுகளில் கூடு கட்டுபவை என்று அவள் சொன்னாள். அவற்றின் உறவு ஒன்று காப்பிச் செடிகளுக்கு நடுவே குடியிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஊருக்குப் போகும்போது தன் தொலைநோக்கியை என்னிடம் விட்டுப்போனாள். மாலையில் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டுக் குளக்கரையில் உட்காருவது எனக்குப் பழக்கமானது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், முட்டைமேல் இருந்த பெரிய நீர்க்காகம் ஒன்று எழுந்து திரும்பியது. அதன் காலில் உலோக வளையம் இருந்தது. மஞ்சள் வளையம் இல்லை.

உடனே போன் செய்தேன். “அப்போ அது நாங்க போட்டதில்ல சிஸ்டர்!” என்று கத்தினாள். “வேற எங்கயோ போட்டது. எப்படியாவது அந்த எண்ணைப் படிச்சுச் சொல்லுங்க.”

அது எளிதாக இல்லை. எண் வளையத்தைச் சுற்றி ஓடுவதால் ஒரு நேரத்தில் பாதிதான் தெரியும். பறவையோ காலை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு அசையாமல் அடைகாக்கும். ஒரு நாள் ஒரு இலக்கம் கிடைக்கும், மறுநாள் மூடுபனியில் திட்டே தெரியாது. மழை பிடித்தபோது என் கணவர் பின்னால் வந்து எனக்கும் தொலைநோக்கிக்கும் சேர்த்துக் குடை பிடித்தார்.

“ஏனுங்க, உங்களுக்குச் சளி பிடிக்கப் போகுது. ஊட்டுக்குப் போங்க.”

“நீ பாரு புள்ள. எனக்கும் தெரிஞ்சாகோணுமல்ல, அது எந்தூருன்னு.”

பிறகு புயல் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் மூங்கில் புதர் பாதி சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அந்தப் பறவையின் கூடு இருந்த இடத்தில் வெறும் கிளை. முட்டைகள் போய்விட்டன. பிரசவ வார்டில் பிள்ளை தங்காமல் போன சில நாள் வீட்டுக்குப் போகவே கால் வராமல் நின்றிருக்கிறேன், அது மாதிரி நின்றேன்.

மதியம் அது திரும்பி வந்தது, அலகில் ஒரு சுள்ளியோடு. நாவல் மரத்தின் கவட்டையில் அதை வைத்தது. சுள்ளி நழுவித் தண்ணீரில் விழுந்தது. இறங்கிப் போய் அதையே எடுத்து வந்து மறுபடி வைத்தது. ஜோடிப் பறவையும் சேர்ந்துகொண்டது. ஓய்வென்று ஒன்று எடுத்ததாகத் தெரியவில்லை. சுள்ளி செருகுவதற்காக அது கிளையில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பியதில் மீதி இலக்கங்களும் எனக்குக் கிடைத்தன. முழு எண்ணையும் அன்றைக்கே அவளுக்குப் போனில் சொன்னேன்.

சில நாள் கழித்து அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தது. தெற்கே சமவெளி ஏரி ஒன்றில் பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த வளையத்தைப் போட்டவர் பேசினார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டாராம்.

“அது உசிரோடவா இருக்கு? மலைக்கா ஏறி வந்திருக்கு?”

“ஆமாங்க. நொம்ப நல்லா இருக்குதுங்க. மறுபடி முட்டை வச்சிருக்குது.”

போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“அப்புறம் அனுப்புங்கம்மா. முதல்ல நீங்க பார்த்ததைச் சொல்லுங்க.”

புயலையும் விழுந்த சுள்ளியையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல ஆரம்பித்தேன். முடிக்கும்போது சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பெருமை பேசுவதுபோல ஆகிவிட்டது.

இதற்கிடையில் சாய்ந்த மூங்கிலை வெட்டி எடுக்க ஆட்கள் வந்தார்கள். என் கணவர் லாரியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். “இப்ப அங்க கை வைக்காதீங்க சாமி. உள்ள புள்ளத்தாச்சி இருக்குது” என்றார். அவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

பொரிந்த மூன்று குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து கொண்டுபோனது. மற்ற இரண்டும் வளர்ந்தன. தாயின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து மீன் எடுத்துத் தின்றன, பிறகு தண்ணீருக்குள் பாய்ந்து வெறும் வாயோடு மேலே வந்தன. பனி விலகிய ஒரு காலையில், சாய்ந்த மூங்கில்மேல் அந்தப் பறவை இறக்கை விரித்து வெயில் காய்ந்தது. பக்கத்தில் பிள்ளைகள் இரண்டும் தங்கள் புது இறக்கைகளை அதே மாதிரி விரித்துக்கொண்டு நின்றன.

“இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டேன். காப்பி மூட்டை ஏற்றப் புறப்பட்டவர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரி அன்றைக்கு நேரம் கழித்துத்தான் கிளம்பியது.