மழை பெய்தால் வருகிறோம்

டெல்மர் ஹௌகன் மூன்று வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி எங்கள் வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை. விளைச்சல் அமோகமாக இருந்தாலும் 'பரவாயில்ல', புயலில் கூரை பறந்தாலும் 'பரவாயில்ல'. அறுபத்து மூன்று வருடத்தை இந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிட்டான். ஐயோவாவின் இந்த வடக்கு மூலையில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். ஆனால் எங்களுக்கே அவன் அதிகப்படி. தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். லாரியை நிறுத்தி அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு அஞ்சலட்டையில் அடங்கிவிடும்.

அவனுடைய ஒரே மகள் பிரிட்டா போன வருடம் சிக்காகோவிலிருந்து வந்து, அப்பாவின் பழைய மாட்டுக்கொட்டகையில் தனக்குக் கல்யாணம், அதுவும் அக்டோபர் நடுவில் என்று அறிவித்தாள். கேட்டவர்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அக்டோபரில் பிறக்கலாம், வேறு வழியில்லை என்றால். சாவதைக்கூட மக்காச்சோளம் வீடு சேர்ந்த பிறகு, நவம்பரில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாதா என்று எனக்குக் கோபமே வந்தது. நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"தெரியும் நோரீன். நான் பொறந்தப்ப அப்பா நாப்பது ஏக்கர் அறுத்து முடிச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அதுக்கப்புறம் முப்பது பொறந்தநாள்லயும் சோளம்தான் ஜெயிச்சுது. ஒரே ஒரு தடவை நானா சோளமான்னு பாத்துடறேன்" என்றாள். 

கல்யாணத்தை நடத்திக்கொடுக்க கோர்ட்னி என்று ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். வெள்ளைக் காலணியோடு பண்ணைக்குள் வந்த தைரியசாலி அவள். 'காதலும் மண்வாசனையும் ததும்பும் இலையுதிர்காலக் கொட்டகைத் திருமணம்' என்று தலைப்பிட்டுப் பதினான்கு பக்கத் திட்டம் வைத்திருந்தாள். அதன்படி கல்யாணத்தின் அலங்காரமே அறுவடைதான். சுற்றிலும் அறுநூறு ஏக்கர் சோளம் நிற்கிறது. இவள் சோளத்தட்டைகளைக் கட்டுக்கட்டாக, நாடா சுற்றி, நகரத்துக் கடையிலிருந்து வரவழைத்தாள். வைக்கோல் பொம்மைக்கு எங்களில் யார் அணிவதையும்விட நல்ல சட்டை போட்டிருந்தாள். டெல்மர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றான்.

தன் பங்குக்கு அவனும் ஒரு காரியம் செய்தான். கோடை முழுக்க ஏணியில் நின்று கொட்டகையைச் சுரண்டி, மூன்று பக்கத்துக்குப் பளபளவென்று சிவப்பு வர்ணம் அடித்தான். கோர்ட்னி வந்து பார்த்தாள். அழுகை வராத குறை. வெளுத்துப்போன பழைய பலகைக்காகத்தானே அத்தனை பேரும் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள்! கடைசியில் அவன் இன்னும் தொடாத பின்பக்கச் சுவரைக் காட்டி, கல்யாணப் படமெல்லாம் இங்கேதான் என்று தீர்த்துவிட்டாள். சாணிக்குழி இருந்த பக்கம் அது.

திட்டத்தின் பதினோராம் பக்கத்தில்தான் வினை இருந்தது. 'பெண்ணின் தந்தை பேசுவார். மூன்று நிமிடம். உள்ளத்திலிருந்து. கண்ணீர் வந்தால் நல்லது.' டெல்மர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து 'பரவாயில்ல'கூட அவன் வாயிலிருந்து வரவில்லை.

அழைப்பிதழோடு ஒரு பதில் அட்டையும் போயிருந்தது. 'மகிழ்ச்சியுடன் வருகிறோம்', 'வருத்தத்துடன் இயலவில்லை' என்று இரண்டு கட்டம். எங்கள் ஆட்கள் இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் 'மழை பெய்தால் வருகிறோம்' என்று எழுதி அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். முப்பத்தொரு அட்டை. மழை பெய்தால் அறுவடை நிற்கும், விருந்தினர் உண்டு; வெயில் அடித்தால் படம் உண்டு. எதற்கென்று ஜெபிப்பது என்று தெரியாமல் கோர்ட்னி இரண்டையும் கேட்டிருப்பாள் போல. முன்வாரம் முழுக்க மழை கொட்டிவிட்டு, கல்யாண வாரம் பளிச்சென்று விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி மழை என்றார்கள். ஊரே வயலில் இறங்கியது.

புதன்கிழமை காலை கிடங்கின் வயர்லெஸ்ஸில் டெல்மரின் குரல் கேட்டது. சோள லாரி எப்போது வரும் என்று சொல்லப்போகிறான் என்று காதைத் தீட்டினேன்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. நான் கொட்டகைக்கு வர்ணம் அடிச்சேன். அந்தக் கோர்ட்னிக்குப் பிடிக்கல. பரவாயில்ல" என்றது வயர்லெஸ்.

விஷயம் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அறுவடை இயந்திரத்தில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி பேச்சுப் பொத்தான்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவன் ஒத்திகை பார்க்கிறான். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவனுக்கு எங்கள் குரல் கேட்காது. எங்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு இயந்திரத்திலும் லாரியிலும் அவன் குரல் கேட்கிறது.

கைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊருக்கு அந்த மூடியே வேண்டாம். ஒருவனுக்குக் கூச்சமாக இருக்குமே என்று நினைத்துவிட்டால் வீடு பற்றி எரிவதைக்கூடச் சொல்லமாட்டோம். சொல்லவில்லை. ஆனால் கேட்பதையும் நிறுத்தவில்லை. மத்தியானம் பெட்டியைத் திறந்து அவன் சாப்பிடும்போது மட்டும் வயர்லெஸ் ஓயும். அந்தக் கால் மணி நேரத்தில் எல்லோரும் அவசரமாக எங்கள் வேலைப் பேச்சைப் பேசிக்கொண்டோம்.

வியாழக்கிழமை பேச்சு மாறியது. "பிரிட்டா பொறந்தது அக்டோபர்ல. நான் வயல்ல இருந்தேன். மேற்கே கறுத்துக்கிட்டு வந்துது. நாப்பது ஏக்கர் பாக்கி. முடிச்சிட்டுப் போனேன்." பிறகு வெகுநேரம் இயந்திரச் சத்தம் மட்டும். பிறகு மெதுவாக, "போயிருக்கணும்."

எடைமேடையில் நின்ற லாரியை நான் எடை பார்க்காமலே அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க அதையே சொன்னான். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லுக்கு வரும்போதெல்லாம் நின்றுவிட்டான். தனியாக இருக்கும்போதே வராதது நூறு பேர் நடுவில் எப்படி வரும்?

சனிக்கிழமை மழை இல்லை, மேகம்கூட இல்லை. மூன்று மணிக் கல்யாணத்துக்கு இரண்டு மணிக்கே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்துப் பண்ணை ஓரின் ஜெல்லே சோளத்தூசியோடு அப்படியே வந்தான். முப்பத்தொரு குடும்பமும் வந்தது, நானும் கிடங்கைப் பூட்டிவிட்டு வந்தேன். சிக்காகோ விருந்தினர்கள் எங்களையும் அலங்காரத்தில் சேர்த்தி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

டெல்மர் கோட்டு போட்டு வந்து மகளைக் கைப்பிடித்து அழைத்துவந்து மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தான். சாப்பாட்டுக்கு முன் கோர்ட்னி அவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தாள். அவன் சட்டைப்பையைத் தடவினான். பேச்சை எழுதிவைத்திருந்த அந்தத் தாள் வயலில், இயந்திரத்திலேயே இருந்தது.

"பிரிட்டா பொறந்தது அக்டோபர்ல" என்றான். நின்றான். 

"நான் வயல்ல இருந்தேன்" என்றான் ஓரின், பின்வரிசையிலிருந்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

டெல்மர் திரும்பிப் பார்த்தான். "வயல்ல இருந்தேன்" என்றான். மறுபடி நின்றான்.

மேற்கே கறுத்ததை ஓரினின் மனைவி எடுத்துக்கொடுத்தாள். நாற்பது ஏக்கரை நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முடித்துவிட்டுப் போனதை நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது எங்களுடையது இல்லை.

அவன் மகளைப் பார்த்தான். "போயிருக்கணும்மா" என்றான்.

பிரிட்டா எழுந்து வந்து அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள், "இன்னிக்கு எவ்வளவு பாக்கிப்பா?"

"நாப்பதுக்குக் கிட்ட."

"நாளைக்கு மழையாமே."

"கிடக்கட்டும்" என்றான் டெல்மர்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கதவு வழியே மேற்கு வானத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. அந்த நாற்பது ஏக்கரை அவன் நவம்பரில்தான் அறுத்துக் கொண்டுவந்தான். பாதிக் கதிர் சாய்ந்து சேற்றில் கிடந்ததாம். சோளத்தில் ஈரம் ஏறினால் விலை இறங்கும். நான் ஈரத்தை அளந்து பார்த்து, "ரொம்ப அதிகம் டெல்மர்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான். பிறகு லாரியிலிருந்து இறங்கிவந்து, என் ஜன்னல் கண்ணாடியில் கை ஊன்றிக்கொண்டு, மகள் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினான்.