பிள்ளைக்குத் துணைக்குப் போனவள்

பம்பாய்க்கு வந்து நான்கு வருசம் வரைக்கும் பேராச்சிக்குத் தெரிந்த பம்பாய் மொத்தம் மூன்று இடம்தான். தாராவியில் அவர்கள் குடியிருந்த அறை, குழாயடி, வரிசையில் நிற்க வேண்டிய சண்டாஸ் என்கிற பொதுக் கக்கூஸ். மாசத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயிலும் உண்டு. அதுவும் புருசன் முன்னால் நடக்க இவள் பின்னால் போக வேண்டும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் கல்யாணம் முடிந்து ரயிலேறியவள். 'உனக்கென்னட்டி, இனும நீ பம்பாய்க்காரி' என்று கூட்டாளிகள் வயிறெரிந்து வழியனுப்பினார்கள். பம்பாய்க்காரி பத்துக்குப் பத்து அறைக்குள் உட்கார்ந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிமுத்து கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் அவன் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விடுவோம். குடி கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. தோல்கிடங்கில் நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று கால் வெந்து வருகிறவன், வரும் வழியில் அவளுக்குப் பூ வாங்காமல் வந்ததில்லை. பயம்தான் அவனுக்கு.

"இது பொல்லாத ஊரு, பேராச்சி. பொம்பளை தனியா வெளிய போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்பான்.

அந்த நாலு பேரில் முதல் ஆள் அவனுடைய அக்காள் சொர்ணம்மாள். அடுத்த அறையில்தான் குடியிருந்தாள். தம்பி வேலைக்குப் போனதும் வாசலில் முறமும் அரிசியுமாக உட்கார்ந்தால், சாயங்காலம் வரைக்கும் அவள் கண்ணைத் தாண்டி ஒரு கோழி போக முடியாது.

அறுபத்தொன்றாம் வருசம் மழைக்குக் கொஞ்சம் முன்னால், மாதுங்காவில் உத்தியோகஸ்தர் வீட்டு அம்மாக்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் தாராவியில் காளாகில்லாப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்துப் பால்வாடி ஆரம்பித்தது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பாட்டு, விளையாட்டு, ஒரு தம்ளர் பவுடர் பால், ஒரு கை வறுகடலை. காசு ஒன்றும் கிடையாது. பேராச்சியின் மகள் தங்கமயிலுக்கு அப்போது மூன்று வயது. 'சும்மா குடுக்க பாலை ஏம்ல விடணும்?' என்று தம்பியைச் சம்மதிக்க வைத்ததே சொர்ணம்மாள்தான். பின்னாளில் அதை நினைத்து அவள் எத்தனை தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாளோ தெரியாது.

முதல் நாள் தங்கமயில் போட்ட கூச்சலில் கொட்டகையே அதிர்ந்தது. டீச்சர் கனகவள்ளி மாதுங்காக்காரி. முப்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவாள்.

"குழந்தை பழகற வரைக்கும் நீயும் கூட உக்காந்துக்கோம்மா. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றாள்.

ரெண்டு நாளில் சரியாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் தங்கமயில் தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பேராச்சி புருசனிடம் சொன்னது வேறு.

"நா எந்திரிச்சா வீல்னு கத்துதா. நா கூட இருந்தாத்தான் இருப்பா போல."

"அப்பம் கூட இரி. பிள்ளையோட போ, பிள்ளையோட வா" என்றான் இசக்கிமுத்து. கல்யாணத்துக்குப் பிறகு பேராச்சி சொன்ன முதல் பொய் அதுதான். இத்தனை சுலபமாகச் செல்லுபடியாகும் என்று அவளே நினைக்கவில்லை.

அதன்பிறகு கொட்டகையில் பேராச்சி பட்ட பாட்டைப் பாடு என்று சொன்னால் அவள் அடிக்க வருவாள். முப்பது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தாள். பவுடர் பாலைக் கட்டி விழாமல் கரைக்க அவளை விட்டால் ஆளில்லை. வண்ணக் காகிதத்தில் கிளி வெட்டி ஒட்டினாள். பாட்டுக்குக் கை காலை ஆட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கு முந்தி இவள் ஆடுவாள். எட்டு வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வயதில்தான் விளையாடக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை சங்கத்தார் பஸ் வைத்துப் பிள்ளைகளை ராணிபாக் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பும் வழியில் தாதர் கடற்கரையில் பத்து நிமிசம் பஸ் நின்றது. பம்பாயில் கடல் இருப்பதை அன்றைக்குத்தான் அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றதில் பிள்ளைகளை எண்ணி ஏற்ற மறந்து டீச்சரிடம் நன்றாகத் திட்டு வாங்கினாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

ஒரு வருசம் போனதும் கனகவள்ளி அவளைக் கூப்பிட்டாள்.

"பேராச்சி, உன்னை ஆயாவாப் போடணும்னு சங்கத்துல சொல்லிட்டேன். அவாளும் சரின்னுட்டா. சம்பளமும் உண்டு."

பேராச்சிக்கு முகம் செத்துவிட்டது.

"வேண்டாம் டீச்சர். நா பிள்ளைக்காவத்தான் வாரேன்."

"பைத்தியமா உனக்கு? பண்ற வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கறதுக்கு என்ன?"

என்னவென்று சொல்வது? சம்பளம் என்று வந்துவிட்டால் அது வேலை. இசக்கிமுத்துவின் பெண்டாட்டி வேலைக்குப் போனால், பெண்டாட்டியைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று அவனைப் பேசுவார்கள். பிள்ளையின் தாயாக மட்டும்தான் அவள் அந்த வாசலைத் தாண்ட முடியும். தனியாக நடந்து வந்து தனியாக நடந்து போகிறவளுக்கு இது எப்படிப் புரியும்? கனகவள்ளி அவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டாள். ஆயா வேலைக்கு வேறு ஆளும் அமையவில்லை.

இன்னொரு பிள்ளை பிறந்திருந்தால் கவலையே இல்லை. தங்கமயிலுக்குப் பிறகு இரண்டு உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. அம்மனிடம் பேராச்சி வைத்த வேண்டுதலில் பாதி பிள்ளைக்கு, பாதி பால்வாடிக்கு. அம்மனுக்கு எந்தப் பாதி பிடிக்கவில்லையோ, வயிறு திறக்கவே இல்லை.

அறுபத்து நாலாம் வருசம் மே மாசம் வந்தது. ஆறு வயதான பிள்ளைகளைப் பொறுக்கிப் பெயர் எழுதி, ஜூனில் முனிசிபாலிடி தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பிறந்த தேதி என்று யாரிடமும் ஒன்றும் கிடையாது. கேட்டால் 'பெரிய மழையப்பம்' என்பார்கள், 'கொழுந்தன் கல்யாணத்துக்கு முந்தி' என்பார்கள். அதனால் நம் ஊரெல்லாம் செய்கிற சோதனையையே கனகவள்ளியும் செய்தாள். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடம். தொடாவிட்டால் இன்னும் ஒரு வருசம் பால்வாடி.

தங்கமயிலை வீட்டில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் பேராச்சி. விரல் காதைப் பிடித்து இழுக்கவே செய்தது. பள்ளிக்கூடத்துக்குச் சொர்ணம்மாள் மகளும் இன்னும் பத்துப் பிள்ளைகளும் கூட்டமாகப் போகப் போகிறார்கள். அங்கே தாய்க்கு என்ன சோலி? தங்கமயில் போய்விட்டால் மறுபடியும் அறை, குழாயடி, சண்டாஸ்.

"ஏட்டி, டீச்சர் கேக்கும்போது விரலை மடக்கிக்கோ. காதைத் தொட்டுராத, என்னா?"

"ஏம்மா?"

"அது ஒரு விளையாட்டுட்டி."

தாய் சொன்ன விளையாட்டைத் தங்கமயில் ஒழுங்காக விளையாடினாள். 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று கனகவள்ளி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். 'கை எட்டலையாம், எடுக்க மாட்டேங்காவ' என்று புருசனிடமும் சொல்லியாயிற்று. பேராச்சி அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுத் தின்றாள். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? பெற்ற தாய்தான், ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோசம் தீபாவளி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சொர்ணம்மாளின் மகள் வாசலில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பாள். தங்கமயில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "எம்பிள்ளைக்கும் இவளுக்கும் ரெண்டு மாசந்தான் மூப்பு. உம் மக கைக்கு என்னளா வந்துச்சு?" என்று சொர்ணம்மாள் வேறு குத்துவாள். பால்வாடியில் மற்றதெல்லாம் இடுப்புயரப் பிள்ளைகள். நடுவில் தங்கமயில் மட்டும் நெடுநெடுவென்று நிற்பாள். பாட்டெல்லாம் அவளுக்குச் சலித்துப்போயிற்று. மெல்ல மெல்லத் தாயோடு சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒருநாள் பேராச்சி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழைந்தபோது, அழுகிற பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கமயில் பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, குட்டிப் பேராச்சி!" என்று கனகவள்ளி சிரித்தாள்.

பேராச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. குடத்தை இறக்கி வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். தன் மூச்சுக்காகப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மறு வருசம் சோதனைக்குப் போகிற அன்று காலையில் மகளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு விரலை மடக்காண்டாம். நல்லா நீட்டித் தொடு."

கனகவள்ளி பெயரைக் கூப்பிட்டாள். தங்கமயில் கையைத் தூக்கித் தலைமேல் வளைத்தாள். கை காதுக்கு இந்தப் பக்கமே நின்றது. விரல்கள் மடங்கியிருந்தன.

"இவ்வளவு உசரம் வளர்ந்துட்டு எட்டலையா? இன்னொரு தரம் நீட்டு பாப்போம்."

இன்னொரு தரமும் மடங்கியேதான் இருந்தது. பேராச்சி பதறிப்போய் ஓடி வந்து மகளுக்கு முன்னால் குத்த வைத்தாள்.

"தொடுட்டி."

"மாட்டேன்."

"ஏன்ட்டி?"

தங்கமயில் தாயின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். "நா ஸ்கூலுக்குப் போயிட்டா ஒன்னைய ஆரும்மா வெளிய விடுவா?"

இதைப் பேராச்சி மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளை தானாகவே பார்த்து, தானாகவே புரிந்து, ஒரு வருசமாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறது. பேசாமல் எழுந்து போய்விட்டால் இன்னும் ஒரு வருசம் கிடைக்கும். அந்த நினைப்பு அவளுக்கு வராமலும் இல்லை, வந்து நின்றது. அப்புறம் மகளின் கையைப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, காதில் கொண்டுபோய் வைத்தாள்.

"எட்டுது டீச்சர். போன வருசமே எட்டிச்சு. நாந்தான் மடக்கச் சொன்னேன்."

கனகவள்ளிக்குக் கோபம் பொங்கியது. "ஒரு வருஷத்தைப் பாழாக்கிட்டியே! நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினாள். நியாயமான கேள்விதான். பெயரை எழுதி முடித்த பிறகு டீச்சருக்கே மனசு இளகியது. "சரி, அவ போனா என்ன? நீ வா. ஆயா வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு."

இந்தத் தடவை பேராச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. "அவுகள்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

பதினைந்து நாள் அவள் கேட்கவில்லை. என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று அடுப்படியில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். 'எனக்கு அங்கன இருக்கதுதான் உசுரு. சம்பளம் வேண்டாம்னாலும் சரி, என்னைப் போவ விடுங்க.' இதுதான் கடைசியில் தேறியது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற நாளில், அவன் மனசு குளிர்ந்திருக்கிற நேரத்தில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அன்றைக்கு நல்ல மழை. இசக்கிமுத்து அரை நாள் லீவு போட்டுத் தானே மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். பத்து மணிக்குத் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கக்கத்தில் கோணியில் சுற்றிய ஒரு கட்டு. அதைப் பிரித்தான். புதுக் கோரைப் பாய்.

"அழவே இல்ல, தெரியுமா? மொத பெஞ்சுல போயி உக்காந்துட்டா எம்மவ" என்றான்.

பேராச்சி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இங்கேருங்க, ஒங்கள்ட்ட ஒண்ணு..."

"நீ மொதல்ல இங்கன உக்காரு" என்று அவன் பாயை விரித்து, கையால் தடவிவிட்டான். "நாலு வருசம் மழைன்னு பாத்தியா, வெயில்னு பாத்தியா? அந்தப் பிள்ளைக்காவ நாயா அலைஞ்சிட்ட. எனக்கு எல்லாம் தெரியும். நாந்தான் வாயத் தொறந்து சொல்லலை. இனும நீ ஒரு எடத்துக்கும் போவாண்டாம், பேராச்சி. காலை நீட்டி வீட்ல இரி."

கோபப்பட்டிருந்தால் எதிர்த்துக் கேட்டிருப்பாள். அடித்திருந்தால்கூடக் கேட்டிருப்பாள். அவன் கண் கலங்கியிருந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. தலையைத் துவட்டுங்க" என்று துண்டை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, புதுப் பாயில் போய் உட்கார்ந்தாள்.