எதிர் புளோக்கை இடித்தபோது

இடிபடப்போகிற வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஊர் சிங்கப்பூராகத்தான் இருக்கும். புக்கிட் பாத்தோக்கில் எங்களுக்கு எதிரே இருந்த அடுக்குமாடி புளோக்கை இடித்துக் கட்ட அரசாங்கம் எடுத்துக்கொள்ளப்போவதாகக் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் பக்கத்திலேயே புது வீடு, புதிதாகத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. எங்கள் புளோக்குக்கு ஒன்றும் இல்லை. நடுவில் இருந்தது ஒரு கார் பார்க்தான். அதைத் தாண்டி வர அதிர்ஷ்டத்துக்குக் கால் வலித்ததா?

என் சிநேகிதி அந்த எதிர் புளோக்கில்தான் இருந்தாள். இருபது வருடமாகத் தினமும் சாயங்காலத் தேநீர் எனக்கு அவள் வீட்டில்தான். அன்று போனால், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். புருஷன் வாழ்ந்து செத்த வீடாம், விட்டுப் போக மனசில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டி நடிக்கிற? உனக்கு யோகம்தான் லா! செத்தும் உன் புருஷன் புது வீடு கொடுத்துட்டாரு!"

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் பேச்சில்லை. புது வீட்டில் பால் காய்ச்சியதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. நான் மட்டும் ஜன்னல் வழியே அந்தப் புது புளோக்கைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன்.

பழைய புளோக்கை இடிக்கிற அன்று முதல் ஆளாகக் கீழே இறங்கினேன். சினிமாவில் வருகிற மாதிரி சங்கிலியில் இரும்புக் குண்டு தொங்கும், ஓங்கி ஒரே அடி என்று நினைத்திருந்தேன். வேலியோரம் நின்ற தமிழ்நாட்டுத் தொழிலாளியிடம் குண்டு எங்கே என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"குண்டெல்லாம் கிடையாதுக்கா. சுத்தி ஆளுங்க குடியிருக்காங்கல்ல? கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுத்தான் எடுக்கணும்."

நீளக் கை வைத்த எந்திரம் மேல்மாடியிலிருந்து பொறுமையாகக் கடித்தது. தூசி பறக்காமல் தண்ணீர் பீய்ச்சினார்கள். ஒரே அடியில் உடைக்கிற வேலையை அங்கே செய்தது என் வாய் மட்டும்தான்.

திரும்பினால், கல் பெஞ்சில் அவள். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கிட்டே போனேன். பக்கத்தில் வேறொரு பெண்மணி, பிளாஸ்க்கிலிருந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இவங்க யாரு?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்னாடி எங்க வீட்டுக்கு எதிர் புளோக்ல இருந்தவங்க," என்றாள்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.