ஒரு லிட்டர் குடிக்கிறவர்

என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். மகனின் பேண்ட் பாக்கெட்டில் இருந்து நான் எடுத்து நீட்டிய பொட்டலத்தையும் அப்படித்தான் மோந்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இது நம்ம கடை சரக்கு இல்லியே" என்றார். இப்படி ஓர் அறிவாளியோடுதான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

அது கஞ்சா என்று மோந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். பிள்ளை திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறான், பஸ்ஸில் போய் வருகிறான். சாயங்காலம் திரும்பும்போது கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். கேட்டால் ஜன்னல் சீட்டு, காத்து என்பான். மழைக்காலத்தில் பஸ் ஜன்னலையெல்லாம் மூடிய பிறகும் அவனுக்கு மட்டும் அந்தக் காத்து அடித்தது. அப்புறம் காலேஜுக்குப் போவதே குறைந்தது. சோறு இறங்கவில்லை. என் கண்ணெதிரே ஆளே பாதியாகிக்கொண்டிருந்தான். திட்டினேன், அழுதேன், டாக்டரிடம் போகலாம் வாடா என்று கெஞ்சினேன். நான் என்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். இவனை இழந்துவிடுவோமோ என்று பயந்துபோனேன்.

கண்டாச்சிபுரம் பக்கம் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. குடிக்கிறவர்களை அங்கே கூட்டிப்போய்க் கையில் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொண்டவன் சாமிக்குப் பயந்து குடியைத் தொடமாட்டான். சாராயத்துக்குக் கட்டுகிற சாமி கஞ்சாவுக்குக் கட்டாதா என்று நினைத்தேன். சும்மா கும்பிட்டுவிட்டு வரலாம் என்று பொய் சொல்லிப் பிள்ளையைக் கிளப்பினோம். அங்கே வரிசை முழுக்கப் பெண்கள், ஆளுக்கொரு புருஷனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை முறைத்தான், நானும் முறைத்தேன்.

எங்கள் முறை வரும் நேரத்தில் பின்னாலிருந்து "அண்ணி" என்று ஒரு குரல். என் நாத்தனார், இவருடைய தங்கை. அவளும் தன் புருஷனை இழுத்து வந்திருந்தாள். அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் அது ஊர் ஊராகப் பரவித் திருவெண்ணெய்நல்லூர் போய்த்தான் நிற்கும். யாருக்குக் கயிறு என்று கேட்டாள். என் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா? வாய் என்னைக் கேட்காமலே, "உங்க அண்ணனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டது.

பீர் பாட்டிலைக்கூடத் தொட்டறியாத மனுஷன் என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். கையை நீட்டிவிட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பாய் என்று பூசாரி கேட்டார். பாவம், குவார்ட்டர் கணக்கெல்லாம் இவருக்கு எங்கே தெரியும்? பூச்சிமருந்து விற்கிற பழக்கத்தில், "ஒரு லிட்டருங்க" என்றார்.

வரிசையில் நின்ற குடிகாரர்கள் அத்தனை பேரும் இவரை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் புருஷனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "மச்சான், இத்தினி நாளா உங்கள இன்னாவோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பஸ்ஸில் வரும்போது பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து எத்தனை மாதமாயிற்று! அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாளே கடையில் ஆரம்பித்தது. யூரியா வாங்க வந்தவர்களெல்லாம் இவருக்குப் புத்தி சொன்னார்கள். ஒருவர் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து, உடம்புச் சூடு தணியும் என்று பக்கத்தில் நின்று குடிக்கவைத்தார். இன்னொருவர், ஒரு லிட்டர் போட்டும் இவ்வளவு திடமாக இருக்கிறீர்களே, என்ன சரக்கு என்று ரகசியமாக விசாரித்தாராம். இவர் எல்லாருக்கும் தலையாட்டி வைத்தார். மறுத்தால் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு பை வேர்க்கடலையோடு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், வந்து இறங்கினாள். அண்ணனை எதிரே உட்காரவைத்து, மல்லாட்டையை உடைத்துக்கொண்டே பிடிபிடியென்று பிடித்தாள்.

"தோளுக்கு மேல வளந்த புள்ளைய வெச்சிக்கினு இப்பிடிக் குடிச்சா அவன் இன்னாத்துக்கு ஆவான்? தங்கமான புள்ள. உன்னாலதான் அவன் மூஞ்சி வத்திப்போய் கெடக்குது."

இவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

அறைக்கதவு திறந்தது. பிள்ளை வெளியே வந்து நின்றான்.

"அப்பா குடிக்கல அத்தை. நாந்தான் கஞ்சா அடிக்கிறேன்."

நாத்தனார் கையிலிருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். "உடணும்னுதான் பாக்கறேம்மா. தனியா முடியல."

இவனை நாலு அறை அறைய வேண்டும் என்று மாதக்கணக்கில் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் கையைப் பிடித்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் இவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கெளம்புடா, டாக்டர்கிட்ட போலாம்."

நான் எத்தனையோ முறை கெஞ்சியும் வராதவன், குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.