குசினி இங்கிலீசு

எங்கள் காரியாலயத்தில் பிரதம லிகிதரின் மேசையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். மணி அடித்தால் லிகிதர்கள் நாங்கள் நாலு பேரும் கோப்புக்குள் தலையைப் புதைப்போம். வாய்க்கால் திருத்த வந்த வெள்ளைக்கார இஞ்சினியர்தான் அம்பாறையிலிருந்து பேசுவார். இலக்கணப் புத்தகத்தை ஒப்புவித்து உத்தியோகம் பிடித்த கூட்டம் நாங்கள். அவர் பேசுவதில் ஒரு சொல்லும் விளங்காது. எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான பியோன் காக்காதான் ஓடி வந்து எடுப்பார்.

பாலமுனை ஆள் அவர். சின்ன வயதில், இங்கினியாகலையில் அணை கட்டியபோது, அமெரிக்கக்காரரின் குசினியில் கோப்பை கழுவியவர். அங்கே காதால் பிடித்த இங்கிலீசு. தன்னையும் கூட்டாளியையும் சேர்த்துச் சொல்லும்போது 'மீ அண்ட் ஹிம்' என்பார்; எங்கள் இலக்கணப் புத்தகத்தில் அது 'ஹீ அண்ட் ஐ'. இஞ்சினியருக்கு எல்லாம் விளங்கியது. எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. தேநீர் நேரம் நான் அவரைப் போலவே தோளில் றிசீவரை இடுக்குகிற பாவனையில் உரத்துக் கதைத்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இஞ்சினியருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்றபோது காக்காவும் விண்ணப்பித்தார். கிடைத்தால் தேநீர் காவுகிற வேலை முடிந்தது. அவருக்கும் ஒரு கதிரை. மகளின் கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையோடு நேர்முகப் பரீட்சைக்கு வந்தார். பரீட்சை நடத்தக் கொழும்பிலிருந்து வந்த இரு அதிகாரிகளும் கேள்வி கேட்க முன்பே பிரதம லிகிதர் என்னைக் கூப்பிட்டார்.

"சேர்மாருக்கு ஒருக்காக் காட்டுங்க தம்பி, இவர் போன்ல எப்பிடிக் கதைக்கிற எண்டு."

காக்கா அங்கேயே நின்றார். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கோழை. றிசீவரை எடுத்து, அவரைப் போலவே கதைத்துக் காட்டினேன். கொழும்பு ஆட்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். "குசினி இங்கிலீசு" என்றார் ஒருவர். அதற்குப் பிறகு காக்காவிடம் கேள்வியே கேட்கவில்லை. உத்தியோகம் வேறொருவனுக்குப் போனது.

வெளியே வந்ததும் காக்கா சொன்னார்: "அச்சொட்டா நான் கதைக்கிற மாதிரியே இரிந்திச்சி. ஒங்களுக்கும் அந்த இங்கிலீசு வருகுதுதானே. இனி போனை நீங்களே எடுங்க."

அதுவரை என்னை 'மனே, நீ' என்று கூப்பிட்டவர். அன்றிலிருந்து 'நீங்க'தான். மரியாதை அப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாது. போன் அடித்தால் அசையமாட்டார். தேநீரை என் மேசையில் வைத்துவிட்டு, தன்னுடையதைச் சைக்கிள் கொட்டகையில் தனியே நின்று குடிப்பார். நாலு வருடம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகுதான் பாலமுனைக்குப் போனேன்.

இப்போது மகன் லண்டனில். என் மனைவி உயிரோடு இல்லை. போன வாரம் போனில் பேரன் தன் கூட்டாளியைப் பற்றி இங்கிலீசில் படபடவென்று சொன்னான். 'மீ அண்ட் ஹிம்' என்றுதான் தொடங்கினான். "கேட்டீங்களா வாப்பா, அச்சொட்டா இங்கத்தப் புள்ளையள் மாதிரியே கதைக்கிறான்!" மகனுக்குப் பெருமை. மற்றதொன்றும் எனக்கு விளங்கவில்லை. ஓம், ஓம் என்றேன்.

மணி அடித்தால் இன்றைக்கும் உடனே எடுப்பதில்லை. யாராவது ஓடி வருகிறார்களா என்று வாசலைப் பார்க்கிறேன். வீட்டில் நான் மட்டும்தான்.