செருமல்

தொண்ணூறுகளில் காரைக்குடியில் நான் ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கிக் கடை வைத்திருந்தேன். பள்ளத்தூரிலிருந்து கொய்யாத் தோப்புக்காரர் ஒருவர் வருவார். ஒடிசலான ஆள், நரைத்த மீசை, தோளில் எப்போதும் ஈரத்துண்டு. விசையை அழுத்தும் முன் தொண்டையைச் செருமுவார். கடையில் குறி அட்டையைச் சுடும்போதும் அப்படித்தான். குறி தவறாத கை. ஆனால் தோப்பில் அந்தச் செருமலுக்கே கிளிகள் பறந்துவிடும்.

சுடும் சத்தம் கேட்காமலிருக்க, ஏர்கன் முனையில் மாட்ட நானே ஒரு சைலன்சர் செய்திருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்க அவர் தோப்புக்குப் போனேன். ஒரே கிளையில் இரண்டு கிளிகள் பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு மட்டும் செருமிராதீக அண்ணே. சத்தம் கேக்குதா இல்லையான்னு பாக்கத்தான வந்திருக்கோம்" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எனக்காக அதை அடக்கிக்கொண்டு சுட்டார். ஒரு கிளி விழுந்தது. பக்கத்துக் கிளி தலையைக்கூடத் திருப்பாமல் தின்றுகொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீகளாண்ணே! அதுக்குத் தெரியவே இல்ல!"

"ஆமா தம்பி. தெரியல."

சைலன்சரைக் கழற்றி என் கையில் வைத்தார். "சத்தம் கேட்டாத்தான தம்பி மத்ததாச்சும் தப்பிச்சுப் போகும்" என்றவர், கையைத் தட்டி அந்தக் கிளியை விரட்டினார்.

அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவேயில்லை.

மறுவாரம் இன்னொருவர் வந்து அந்தச் சைலன்சரைக் காட்டி, "இது வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

"பக்கத்துக் கிளிக்குக்கூடத் தெரியாதுங்க" என்று சொல்லித்தான் விற்றேன்.