நிடுப்பின் வில்லில் மஞ்சள் நூல்

கிங்கா செல்டன் நாட்டுக்காக வில் பிடிக்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பாங்காக், டாக்கா, ஷாங்காய் என்று அவள் போகாத மைதானம் இல்லை. முதல் சுற்றைத் தாண்டிய மைதானமும் இல்லை. வில்வித்தை நம் தேசிய விளையாட்டு என்பதால், போட்டி நடத்துகிறவர்கள் பூட்டானுக்கு ஓர் இடம் மரியாதையாக ஒதுக்கிவிடுவார்கள். மரியாதையாகப் போவாள், கொரியப் பெண்ணிடமோ சீனப் பெண்ணிடமோ தோற்பாள், மரியாதையாகத் திரும்புவாள். பாரோ விமான நிலையத்தில் டாக்சிக்காரன் விடமாட்டான்.

"ஜெயிச்சீங்களாக்கா?"

"கொஞ்சத்துல போச்சுப்பா."

எல்லா முறையும் கொஞ்சத்தில்தான் போயிற்று. ஊர் ஆண்கள் இதைவிட மோசம். அவர்கள் நூற்று நாற்பது மீட்டர் தள்ளி நட்ட சிறு பலகையைக் குறிவைக்கிறவர்கள்.

"நீ எய்யறது எழுபது மீட்டரா? எங்க பசங்க சாணி உருண்டை எறியற தூரமாச்சே அது."

இதைக் கேட்க வெட்கப்பட்டே லோசார் புத்தாண்டுக்கு அவள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அந்த வருடம் வந்தாள். அண்ணன் நிடுப் கூப்பிட்டிருந்தான். ஆற்றுக்கு அக்கரை ஊரோடு பந்தயம். அணித்தலைவர் ஆப் காடோவுக்கு வயதாகிவிட்டது. இந்த ஆட்டம் நன்றாக அமைந்தால் தலைமை நிடுப்புக்கு வரும். ஊரில் நிடுப்புக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

பந்தயத்துக்கு முந்தின இரவு நம் ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. மைதானத்தோரக் கொட்டகையில் வில்லோடு படுப்பார்கள். மனைவி பக்கத்தில் படுத்தாலும் குறி கெடும், பெண் கை வில்லில் பட்டாலும் குறி கெடும். செல்டன் இதைக் கேட்டுச் சிரிப்பவள். அவள் சம்பளமே பெண் கை வில்லில் படுவதற்குத்தான்.

காலையில் வெண்ணெய்த் தேநீரும் பொரியும் கொண்டுபோய் வைக்க அவளை அனுப்பினார்கள். ஆண்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கொட்டகைச் சுவரில் நிடுப்பின் மூங்கில் வில் சாய்ந்து நின்றது. நாணில் அம்பு பொருத்தும் இடத்து நூல்கட்டு பிரிந்து, கீழே வழுக்கி இறங்கியிருந்தது. அவளுக்குக் கை அரித்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். இடுப்புப் பையிலிருந்த மஞ்சள் நூலை எடுத்து, பழைய கட்டைப் பிய்த்து, கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கிக் கட்டினாள். ஒரு நெல் அகலம் மேலே. அண்ணனுக்கு ஒரு நல்லது செய்தோம் என்று சந்தோஷமாகவே திரும்பினாள்.

நிடுப்பின் முதல் அம்பு பலகைக்கு முன்னாலேயே தரையில் குத்தியது. இரண்டாவதும் அப்படியே.

அக்கரைப் பெண்கள் வரிசையாக நின்று ஆடியபடி பிடித்துக்கொண்டார்கள். கேலி பேசத்தானே அவர்களை அழைத்து வருவது.

"ஐயோ பாவம், அம்புக்குப் பசி. பாதி வழியில உக்காந்துடுச்சு."

"வீட்டு வழக்கம்டி அது. தங்கச்சி கடல் தாண்டிப் போய் முதல் சுத்துலயே திரும்புவா, அண்ணன் அம்பு அங்க வரைக்கும்கூடப் போகாது."

நம் பக்கத்துப் பெண்கள் வரிசையில் நின்றிருந்த செல்டனுக்குக் காது சுட்டது. ஆனால் அவள் கண் அம்பு விழுந்த இடத்தையே அளந்துகொண்டிருந்தது. மூன்றாவது அம்பும் அதே அளவு குறைந்து விழுந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் வழுக்கிய கட்டோடு வருடக்கணக்காக எய்து பழகியவன். கை அந்தத் தவறுக்கே பழகியிருந்தது. கட்டு மேலேறினால் அம்பு கீழே இறங்கும். பயிற்சிக்கு வரும் சிறுமிகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அன்று முழுவதும் நிடுப்பின் இடுப்பில் ஒரு வெற்றித் துணிகூட ஏறவில்லை. பலகையில் அடித்தவர்கள் வண்ண வண்ணமாகச் செருகிக்கொண்டு ஆட, அவன் மொட்டையாக நின்றான். ஊர் தோற்றது.

ஆப் காடோ வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, புது நூலு? யார்ரா தொட்டது?"

நிடுப் குனிந்து பார்த்தான். அந்த மஞ்சள் நூலை அவன் அறிவான். தங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவது. அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் கட்டுனேன். நூல்ல ஒண்ணுமில்லங்க. ராத்திரி நீங்கல்லாம் தூங்குனப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன்" என்றான் நிடுப்.

இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தன. சோற்றுக்கூடையோடு நின்ற அவன் மனைவி யாங்டனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு ராத்திரி விட்டுவைக்கக் கூடாதாம்மா?" என்றாள் ஒருத்தி. யாங்டனின் முகம் மிளகாய் போலச் சிவந்தது. அவள் சோறு பரிமாறப் போனாள்.

ஆப் காடோ மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு ராத்திரி கட்டுப்பாடு இல்லாதவன்கிட்ட அணியை எப்படிக் குடுக்கறது?" என்று வில்லைத் திருப்பிக் கொடுத்தார்.

செல்டன் வாயைத் திறந்தாள். நான் தொட்டேன் என்று இரண்டு சொல் போதும். ஆனால் நாளைக்கு டாக்சிக்காரன்வரை பேசுவானே. வெளியே தோற்றது போதாதென்று அண்ணன் வில்லையும் கெடுத்தவள் என்பார்களே. தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாக ஊற்றிக்கொண்டு போனாள். நிடுப்பின் கோப்பைக்கு வந்ததும் தேநீர் வெளியே சிந்தியது. "பரவால்ல விடு" என்றான் அவன்.

சாயங்காலம் ஆற்றங்கரையில் யாங்டன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவரு வீட்டுக்கு வரல" என்றாள் யாங்டன், தலை தூக்காமல்.

"தெரியும் அண்ணி."

"அவரு எதுக்குப் பொய் சொன்னாருன்னு எனக்குப் புரியுது. நீ எதுக்குச் சும்மா இருந்தேன்னுதான் புரியல."

அப்போதாவது எழுந்து ஆண்கள் இருந்த பக்கம் போயிருக்கலாம். அவர்கள் இன்னும் கொட்டகையில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்டன் ஒரு தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். யாங்டன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வசந்தத்தில் பாங்காக் போனாள். முதல் சுற்றில் தோற்றாள். பயிற்சியாளர் வழக்கம்போல முதுகில் தட்டி, "இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு" என்றார்.

"இதுல ஒண்ணுமில்ல சார்" என்றாள். முதல்முறையாக அது உண்மையாகவும் இருந்தது. பாரோவில் இறங்கியபோது டாக்சிக்காரன் கேட்டான். தோற்றுவிட்டேன் என்று நேராகவே சொன்னாள்.

"வீட்டுக்குத்தானேக்கா?" என்றான் வண்டியை எடுத்தபடி.

ஊருக்குப் போகும் சாலை வலது பக்கம் பிரிகிறது. இடது பக்கம், திம்புவுக்கு விடச் சொன்னாள்.